ஜூன்காரி

ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்கள்.
என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.
அவற்றுக்காக ஒரு படகு, ஒரு வேன்,
இரண்டு ஃபெர்ரி, ஒரு விமானம்.

அலாவோ தீவிலிருந்து படகு
அச்சாவோ துறைக்கு வந்தபோது மணி பத்தேகால்.
சிலோயே மழை மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் வந்து காதுக்குள் பேசும்.
யாஸ்னா பெட்டியை மடியில் வைத்து
மழைக்கோட்டை அதற்குப் போர்த்தியிருந்தாள்.
அவள் நனைந்திருந்தாள்.

"உறையக் கூடாது, ஓர்ஃபேலியோ. சூடும் ஆகாது."
பதினோரு வருஷமாகச் சொல்கிறாள்.
வேனில் ஹீட்டர் போடுவதில்லை நான்.
முழங்கால் முனகும்; குழாய் முனகாது.

பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் பை,
பைக்குள், சிந்தினால் குடித்துக்கொள்ள ஒரு பஞ்சுத்துண்டு.
குளிர்ப்பொதி ரத்தத்தைத் தொட்டுவிடாமல்
நடுவில் ஓர் அட்டை.
சாந்தியாகோ போய்ச் சேர நாற்பத்தெட்டு மணி நேரம்.

எர்மெலிந்தா சிகுவாய்.
கடற்பாசி அள்ளிக் காயவைத்து விற்பவள்.
அம்மாவுக்கு மார்பில் வந்தது,
அக்காவுக்குச் சினைப்பையில்,
அவளுக்கு இடப்பக்கம்.
மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.
ரத்தத்திடம் கேட்கப்போகும் கேள்வி
உண்மையில் அவர்களுடையது.

சக்காவோ கால்வாயின் நடுவே,
கடல்சிங்கம் ஒன்று மிதவைக்குமேல் கொட்டாவி விட,
வழக்கம்போல் சரிபார்த்தேன்.
படிவத்தில்: ஆகஸ்ட் இரண்டு.
குழாயில்: ஜூன் பதினான்கு.

சட்டைப்பையில் பேனா இருந்தது.
ஒரு கோடு, ஒரு எண், மூன்று வினாடி.
யாருக்குத் தெரியும்?

அந்தத் தீவுகளில் பாதிப்பேர் சிகுவாய்.
எர்மெலிந்தா என்று எனக்கே இரண்டு பேரைத் தெரியும்.
இந்தத் தேதி ஒன்றுதான் வேலி.
அதை நான் நகர்த்தினால்
யாருடைய மகளிடம் போய்
யாருடைய விடையைச் சொல்வார்கள்?

பர்குவாவில் இறங்காமல்
அதே ஃபெர்ரியில் திரும்பினேன்.
வேனுக்கு மறுபடியும் முழு டிக்கெட்.

ஃபோனில் யாஸ்னா அழவில்லை. மூச்சு மட்டும் விட்டாள்.
பிறகு சொன்னாள்:
அவள் பிறந்தது ஜூனில்தான்.
ஏழு வாரம் கடல் வழிவிடவில்லை.
அப்பா படகேறிப் பதிவு அலுவலகம் போன நாளை
பிறந்த நாளாக எழுதிவிட்டார் எழுத்தர்.
அவரும் மறுக்கவில்லை;
தாமதத்துக்கு அபராதம் உண்டு.
அடையாள அட்டையில் ஆகஸ்ட், கேக் வெட்டுவது ஜூனில்.
"எப்போது பிறந்தீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன்.
அட்டையைப் பார்த்திருக்க வேண்டும்.
அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்."

உண்மைதான் செல்லாமல் போயிற்று.

மறுநாள் எர்மெலிந்தாவே படகேறி வந்தாள்.
இடக்கை கூடாது, அங்கே கணுக்களை எடுத்துவிட்டார்கள்.
வலக்கையில் மருந்து ஏற்றி ஏற்றி
நரம்புகள் ஒளிந்துகொள்ளக் கற்றிருந்தன.
மூன்றாவது குத்தலில் ஒன்று அகப்பட்டது.
யாஸ்னா குழாயைக் குலுக்கவில்லை.
எட்டு முறை, மெல்ல, தலைகீழாக,
உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

லேபிளைக் காட்டச் சொல்லி உரக்கப் படித்தாள்:
"ஆகஸ்ட் இரண்டு."
சிரித்தாள், இருமல் வரும்வரை.
"அரசாங்கத்து எர்மெலிந்தாவை அனுப்புகிறீர்கள்.
வியாதி வந்தது ஜூன்காரிக்கு.
கண்டுபிடிப்பார்களா பார்ப்போம்."

நேற்றைய குழாய்கள்
மஞ்சள் தொட்டிக்குள் விழுந்த சத்தம்
இரண்டு கூழாங்கல் அளவுதான்.

கடைசி மகள் தானித்சா உடன் வந்திருந்தாள்.
சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி
கதவோரம் நின்றாள்.
முதலில் அம்மாவுக்கு விடை வரட்டும் என்றாள் யாஸ்னா;
அது வந்தால்தான்
உன் ரத்தத்தில் எந்த எழுத்தைத் தேடுவது என்று தெரியும்.
அவள் கையை இறக்கிவிடவில்லை.
"எனக்கு ஒரே பிறந்தநாள்தான்" என்றாள்,
யாரும் கேட்காமலே.

விடை வரும்போது எனக்குச் சொல்லமாட்டார்கள்.
சொல்லவும் கூடாது.
என் தாளில் மூன்று கட்டம்:
புறப்பட்ட நேரம், பெட்டியின் வெப்பம், கையெழுத்து.
பதினொன்று நாற்பது என்று எழுதினேன்.
ஒன்பது டிகிரி.
பெட்டியை முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டேன்.